போர் போடுவதும் போர் தொடுப்பதும்

எங்கள் தோட்டத்தில் முதல் போர் போட்டது அப்பா காலத்தில். 300 அடியிலேயே தண்ணீர் வந்துவிட்டது. சில வருடம் கழித்து மேற்குத் தோட்டத்துக்காரர் 600 அடிக்கு ஒன்று போட்டார். அவர் எங்களுக்குப் பகையாளி இல்லை. நோம்பிக்கு நோம்பி கச்சாயம் சுட்டுக் கொடுத்துவிடுகிற வீடு அது. அவருக்கு வேண்டியதெல்லாம் தன் தென்னைக்குத் தண்ணீர். ஆனால் அவர் மோட்டார் ஓட ஓட எங்கள் போரில் தண்ணீர் கீழே போனது. நாங்கள் 900 அடிக்குப் போனோம். அதைப் பார்த்து அவர் அடுத்த கோடையில் 1,200 அடிக்குப் போனார். வெறும் புகைதான் வந்தது. கடைசியில் இரண்டு வீட்டுக்கும் கடன். இரண்டு தோட்டமும் காய்ந்தது. காசு பார்த்தவர் திருச்செங்கோட்டிலிருந்து வந்த போர் வண்டிக்காரர் மட்டும்.

கோவையில் அரசியல் அறிவியல் படிக்கும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, "மாமா, ரியலிசம், லிபரலிசம்னு என்னென்னமோ நடத்தறாங்க. படிச்சா தூக்கம்தானுங்க வருது" என்றான். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஏற்றுமதிக் கணக்கு பார்ப்பவன். பேராசிரியர் இல்லை. ஆனால் அமெரிக்காவில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் எங்கள் கம்பெனியில் ஷிப்ட் குறைகிற காலம் இது. அதனால் இந்தச் சமாச்சாரங்களைக் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன். "தூக்கம் வராது மாப்ள" என்று அவனிடம் முதலில் இந்தப் போர்க் கதையைத்தான் சொன்னேன்.

ஏனென்றால் வெளியுறவுச் சிந்தனையில் மிகப் பழைய பள்ளிக்கு உள்ளே போகும் வாசல் இதுதான். மேற்குத் தோட்டத்துக்காரர் எங்களைக் கெடுக்க நினைக்கவில்லை, நாங்களும் அவரைக் கெடுக்க நினைக்கவில்லை. ஆளுக்கு ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த காரியம் மற்றவருக்கு மிரட்டலாகத் தெரிந்தது. நாடுகளும் இப்படித்தான் என்று 1950இல் ஜான் ஹெர்ஸ் என்ற அறிஞர் எழுதினார். அவர் வைத்த பெயரைத் தமிழில் பாதுகாப்பு இக்கட்டு எனலாம். ஒரு நாடு பயந்து ஆயுதம் வாங்குகிறது. அந்த ஆயுதத்தைப் பார்த்துப் பக்கத்து நாடு பயப்படுகிறது. அதுவும் வாங்குகிறது. போர் வண்டிக்காரரின் இடத்தில் ஆயுத வியாபாரியை வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துச் சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், கோர்ட்டு என்று மேலே ஆள் இருக்கிறது. நாடுகளுக்கு மேலே தாசில்தார் கிடையாது. ஐ.நா. சபை இருக்கிறதே என்றால், அதனிடம் சொந்தப் போலீஸ் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் தன் பலத்தை நம்பித்தான் இருக்க வேண்டும் என்பது யதார்த்தவாதம். ரியலிசம் என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான். மற்றவன் மனதில் என்ன நினைக்கிறான் என்று பார்க்காதே, அவனால் என்ன செய்ய முடியும் என்று பார். வினைவலி, தன்வலி, மாற்றான் வலி, துணைவலி நான்கையும் தூக்கிப் பார்த்துச் செய் என்று வள்ளுவர் சொல்லிவிட்டதால் தமிழர்களுக்கு இது புதுச் சரக்கும் இல்லை.

இந்தப் பள்ளிக்குள்ளேயே ஒரு பங்காளிச் சண்டை உண்டு. தற்காப்புக்குப் போதுமான பலம் போதும், அதற்கு மேல் போனால் எல்லோரும் நமக்கு எதிராகச் சேர்ந்துகொள்வார்கள் என்பது கென்னத் வால்ட்ஸ் வழி. எவ்வளவு பலம் போதும் என்று எவருக்கும் தெரியாது, அதனால் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் பலத்தைக் கூட்டிக்கொள்ளத்தான் பெரிய நாடுகள் பார்க்கும் என்பது ஜான் மியர்ஷைமர் வழி. முதலாமவர் 600 அடியில் நிறுத்தச் சொல்வார். இரண்டாமவர் பாறை எதுவரை போகிறதோ அதுவரை போ என்பார்.

இங்கே ஒரு தப்பான எண்ணத்தை உடைக்க வேண்டும். பலம், பயம், ஆயுதம் என்று பேசுகிறவன் சண்டைக்கோழி என்றுதான் எவருக்கும் தோன்றும். நடந்தது வேறு. யதார்த்தவாதத்தின் பெரியவர் ஹான்ஸ் மார்கெந்தோ, வியட்நாம் போர் அமெரிக்காவுக்கு வேண்டாத வேலை என்று தொடக்கத்திலிருந்தே எதிர்த்தவர். 2002 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் 33 அறிஞர்கள் சேர்ந்து ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். இராக்கோடு போர் அமெரிக்காவின் நலனுக்கு ஆகாது என்பது அதன் சாரம். கையெழுத்துப் போட்டவர்களில் வால்ட்ஸும் மியர்ஷைமரும் உண்டு. அடுத்த மார்ச்சில் போர் தொடங்கியது. சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. போரை விரும்பிக் கேட்டவர்களில் பலர் மக்களாட்சி, விடுதலை, மனித உரிமை என்று பேசியவர்கள். கணக்குப் பார்க்கிறவனுக்குச் செலவும் கண்ணில் படும். நல்லது செய்யக் கிளம்பியவனுக்குப் பல சமயம் அது படுவதில்லை. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மருமகனும் இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பயத்தால் போர் வருவது எப்படி என்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கமே ஒரு பாடம் இருக்கிறது. இன்று சத்தியமங்கலத்திலிருந்து மைசூருக்குத் திம்பம் வழியாகப் பேருந்தில் போகிறோம். அந்தக் காலத்தில் படைகள் ஏறி இறங்கிய வழிகளில் ஒன்று பக்கத்தில் இருக்கும் கெஜலட்டிக் கணவாய். 1790இல் ஆங்கிலேயத் தளபதி மெடோஸ் கோயம்புத்தூரைப் பிடித்தார். செப்டம்பரில் திப்பு சுல்தான் கெஜலட்டி வழியே இறங்கிச் சத்தியமங்கலத்தில் அடித்தார். மறு வருடம் கோயம்புத்தூர்க் கோட்டை மீண்டும் மைசூர் கைக்குப் போனது. கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. நடுவில் மிதிபட்டது கொங்குச் சீமை.

அந்தப் போரில் யார் யார் பக்கம் என்று பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஐதராபாத் நிஜாமும் மராத்தியரும் சேர்ந்திருந்தார்கள். பக்கத்து ராஜ்ஜியம் பகை, பகைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பது நட்பு என்ற கௌடில்யரின் மண்டலக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. நிஜாமுக்கும் மராத்தியருக்கும் பக்கத்தில் இருந்த ஆபத்து திப்பு. கம்பெனி கடல் தாண்டி வந்த வியாபாரி. நாடுகள் பலத்தைப் பார்த்து மட்டும் அணி சேருவதில்லை, பக்கத்தில் இருக்கும் மிரட்டலைப் பார்த்து அணி சேருகின்றன என்று ஸ்டீபன் வால்ட் என்ற இன்னொரு யதார்த்தவாதி சொல்வதும் இதைத்தான். 1792இல் திப்பு பாதி ராஜ்ஜியத்தை இழந்தார். சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனிக்குப் போயின. கோயம்புத்தூர் மட்டும் இன்னும் ஏழு வருடம் மைசூரிடம் இருந்தது. கணக்கு சரியாகப் போட்டதாக நினைத்த நிஜாம் 1798இல் கம்பெனியின் படைப் பாதுகாப்புக்குள் அடங்கினார். மராத்தியப் பேரரசு 1818இல் முடிந்தது.

1799 போர் இன்னும் சுவாரசியமானது. திப்பு பிரெஞ்சுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். மொரீஷியஸிலிருந்து அவருக்கு உதவியாக வந்து சேர்ந்தவர்கள் சுமார் நூறு பேர். 1798 ஜூலையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். இவர்கள் இரண்டு பேரும் கைகோத்துவிட்டால் என்ன ஆவது என்று கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி கணக்குப் போட்டார். உண்மையில் அந்த ஆகஸ்டிலேயே பிரெஞ்சுக் கப்பற்படையை நெல்சன் அழித்துவிட்டார். நெப்போலியன் திப்புவுக்கு எழுதிய கடிதமும் போய்ச் சேரவில்லை. ஆனாலும் போர் நடந்தது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு இறந்தார். கொங்கு நாடு முழுவதும் கம்பெனிக்கு வந்தது. திப்புவோடு நின்று கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலையை 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள்.

நாளைக்கு வரப்போகும் ஆபத்தை இன்றைக்கே அடிப்பதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். எதிரி வாளை உருவிவிட்டான், நான் முந்திக்கொள்கிறேன் என்பது ஒன்று. இதை முந்தித் தாக்குதல் என்கிறார்கள். பலர் இதை ஒத்துக்கொள்வார்கள். எதிரி இன்னும் உருவவில்லை, ஆனால் ஐந்து வருடத்தில் உருவக்கூடும் என்பது மற்றது. அது தடுப்புப் போர். வெல்லெஸ்லி நடத்தியது இரண்டாவது வகை. 2003இல் இராக்கில் நடந்ததும் அதுவே. செய்தியில் முந்தித் தாக்கினோம் என்று எந்த நாடு சொன்னாலும், வாள் உறையில் இருந்ததா வெளியே வந்திருந்ததா என்று ஒரு முறை பாருங்கள்.

சரி, அடுத்த பள்ளிக்கு வருவோம். தாராளவாதம், லிபரலிசம். பெயரைப் பார்த்து இளகிய மனசு என்று நினைக்க வேண்டாம். நாடுகளுக்கு மேலே தாசில்தார் இல்லை என்பதை இவர்களும் மறுப்பதில்லை. ஆனால் தாசில்தார் இல்லாமலே நான்கு பங்காளிகள் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் எடுக்கவில்லையா என்று கேட்பார்கள். உனக்குத் திங்கள், எனக்குச் செவ்வாய். யாரும் யாரையும் நம்பவில்லை. ஆனால் முறையை மீறினால் அடுத்த வாரம் தனக்கும் முறை போய்விடும் என்பதால் மீறுவதில்லை. கேரளத்துக்கும் நமக்கும் இடையே பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் இருக்கிறது. முணுமுணுப்பு தீர்ந்தபாடில்லை, என்றாலும் பொள்ளாச்சி உடுமலை வாய்க்கால்களில் தண்ணீர் ஓடுகிறது. மாநிலங்களுக்கு மேலே டெல்லியும் உச்ச நீதிமன்றமும் இருப்பதால் இந்த உதாரணம் முழுசாகப் பொருந்தாது என்று யதார்த்தவாதி உடனே குறுக்கிடுவார். அவர் சொல்வதும் சரிதான்.

இந்தப் பள்ளிக்கு மூன்று கால்கள். வியாபாரம், அமைப்புகள், மக்களாட்சி. ஒருவரோடு ஒருவர் வியாபாரம் செய்கிறவர்கள் அடித்துக்கொள்ள யோசிப்பார்கள். பொது விதிகளும் அமைப்புகளும் இருந்தால் சந்தேகம் குறையும். மக்களாட்சி நாடுகள் தங்களுக்குள் போர் செய்வது மிக அரிது. கடைசிக் கருத்தின் வேர் 1795இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் எழுதியதில் இருக்கிறது.

அமைப்புகள் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் ஒரு கோவைக்காரர். ஆர்.கே. சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என்று பலருக்குத் தெரியும். அதற்கு முன்பே 1938இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்துக்கு இந்தியாவின் பிரதிநிதியாகப் போனவர் அவர். ஐ.நா.வுக்கு முந்தைய அமைப்பு அது. அடுத்த வருடமே இரண்டாம் உலகப் போர் வெடித்து அது செயலற்றும் போனது. அதே மனிதர் 1944இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்கும் போனார். உலக வங்கியும் சர்வதேச நிதியமும் பிறந்தது அங்கேதான். ஒரு அமைப்பு மூழ்குவதைப் பார்த்தவர் ஆறு வருடத்தில் இன்னொன்றுக்குக் கடைக்கால் போட உட்கார்ந்திருக்கிறார். தாராளவாதிகளின் பிடிவாதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வியாபாரக் காலில் கொஞ்சம் நொண்டல் உண்டு. முதல் உலகப் போருக்குச் சில வருடம் முன்பு, இவ்வளவு பின்னிக்கிடக்கும் பொருளாதாரத்தில் ஜெயித்தவனுக்கும் நஷ்டம்தான் என்று பிரிட்டனில் நார்மன் ஏஞ்சல் எழுதினார். 1914இல் போர் வந்தது. ஜெயித்தவர்களுக்கும் நஷ்டம் வந்தது. அவர் சொன்னது தப்பில்லை, யாரும் கேட்கவில்லை என்பதுதான் தப்பு. அதைவிட எங்களுக்குச் சுட்ட விஷயம் இன்னொன்று. பின்னிக்கிடப்பதே ஒரு ஆயுதமாகலாம். 2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீத வரி போட்ட அமெரிக்கா, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி ஆகஸ்ட் 27 முதல் அதை 50 ஆக்கியது. எண்ணெய் வாங்கியது திருப்பூர் இல்லை. ஆனால் ஆர்டர் நின்றது திருப்பூரில். கட்டிங் முடிந்த பீஸ்கள் பண்டலாகக் கிடக்க, பையர் மெயிலுக்குக் காத்திருந்த அந்த வாரங்களை நான் மறக்கவில்லை. வியாபாரம் இரண்டு பக்கமும் கட்டிய கயிறு. கயிற்றின் ஒரு முனை பெரிய காளையின் கழுத்தில் இருந்தால் இழுபடுவது யார் என்பது தெரிந்ததே.

இதற்கு இன்னொரு கொங்கு உதாரணம் உண்டு, அது ஜெயித்த உதாரணம். 1965, 66 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கோதுமையை நம்பி நாடு இருந்தது. இந்தியா வியட்நாம் போரைக் குறை சொன்னது ஜனாதிபதி ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. வேளாண்மைக் கொள்கையை மாற்றவைக்கவும் நினைத்தார். கோதுமையை மாதா மாதம் அளந்து அளந்து விட்டார். அப்போது உணவு அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. சில வருடங்களில் கப்பலைப் பார்த்துக் காத்திருக்கும் நிலை மாறியது. பசுமைப் புரட்சியை விவசாயக் கதையாகத்தான் படிக்கிறோம். வெளியுறவுக் கதையாகவும் படிக்கலாம். ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் ஒரு நாட்டின் கழுத்திலிருந்து கயிறு கழன்ற கதை அது. மருமகன் இதைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் வருமா என்று கேட்டான். வர வேண்டும்.

தாராளவாதத்தின் ஒரு கிளை ஆயுதத்தைக் கையில் எடுக்கிறது. ஓர் அரசு தன் சொந்த மக்களையே கொன்றால் உலகம் பார்த்துக்கொண்டு இருக்கலாமா என்ற கேள்வி அதன் தொடக்கம். காப்பாற்றும் பொறுப்பு என்ற கொள்கையை 2005இல் ஐ.நா. உச்சி மாநாடு ஏற்றது. 2011 மார்ச்சில் லிபியாவில் அதைச் சொல்லித்தான் பாதுகாப்பு கவுன்சில் படைபலத்துக்கு அனுமதி கொடுத்தது. இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. கடாபி போனார். அப்புறம் லிபியா துண்டு துண்டானது. இந்தக் கிளைக்கும் இராக் போரை நடத்திய நவ பழமைவாதிகளுக்கும் வித்தியாசம் உண்டா? குறிக்கோளில் அதிகமில்லை. இரண்டு பேருக்கும் மக்களாட்சி பரவ வேண்டும். முன்னவர் ஐ.நா.வின் முத்திரை வேண்டும் என்பார். பின்னவர் முத்திரைக்குக் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும், பலம் நம்மிடம் இருக்கிறது என்பார். 2003இல் இராக்குக்குப் படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டது. ஐ.நா. முத்திரை இல்லை என்று சொல்லி அந்த ஜூலையில் இந்தியா மறுத்தது. நல்ல வேளை.

ஊர் வம்பு நமக்கு எதற்கு என்று கதவைச் சாத்திக்கொள்ளும் பள்ளியும் உண்டு. ஒதுங்கல்வாதம். வெளியாரோடு நிரந்தரக் கூட்டு வேண்டாம் என்று ஜார்ஜ் வாஷிங்டன் 1796இல் சொல்லிப் போனதை அமெரிக்கர்கள் இன்றும் எடுத்துப் போடுவார்கள். இதை அகிம்சையோடு குழப்பக் கூடாது. அகிம்சைவாதி எந்த நியாயத்துக்கும் ஆயுதம் எடுக்க மாட்டார். ஒதுங்குபவர் தன் வேலிக்குள் வந்தால் சுடுவார்.

கடைசியாகப் பெரிய பள்ளி ஒன்று. கன்ஸ்ட்ரக்டிவிசம். இதற்குத் தமிழில் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். நண்பன், எதிரி என்பது ஆயுதக் கணக்கில் எழுதியிருப்பதில்லை, பழகிப் பழகி மனதில் கட்டிக்கொள்வது என்கிறது இது. சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அங்கே தரங் சக்தி என்ற கூட்டுப் பயிற்சி நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் வந்தன. எண்பது வருடத்துக்கு முன்பு ஜெர்மன் விமானமும் பிரிட்டிஷ் விமானமும் ஒரே வானத்தில் பறந்தால் ஒன்று கீழே விழும். பிரிட்டிஷ் இந்தியப் படையில் போன நம் ஆட்களும் ஜெர்மானியரோடு சண்டை போட்டவர்கள். இன்று ஜெர்மனியின் போர் விமானம் அன்றையதைவிடப் பல மடங்கு பயங்கரமானது. ஆனாலும் சூலூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்து வீடியோ எடுத்தார்கள், ஒருவரும் ஓடி ஒளியவில்லை. பலத்தை மட்டும் எண்ணினால் இதற்கு விளக்கம் வராது. எனக்கு இந்தப் பள்ளியிடம் ஒரு குறை உண்டு. மனம் மாறிய பிறகு எப்படி மாறியது என்று அழகாகச் சொல்கிறார்கள். எப்போது மாறும் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

இந்தியா எந்தப் பள்ளி என்று கேட்டால் அணிசேராமை என்று பாடப்புத்தகம் சொல்லும். அதை நல்லவன் வேடம் என்று சிலரும், கோழைத்தனம் என்று சிலரும் நினைக்கிறார்கள். அணி சேராத நாடு 1961 டிசம்பரில் படையை அனுப்பிக் கோவாவை எடுத்தது. 1971 ஆகஸ்டில் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, டிசம்பரில் கிழக்குப் பாகிஸ்தானில் போரை முடித்தது. யாரிடமும் கழுத்தைக் கொடுக்காமல் தனக்கு வேண்டியபோது வேண்டியதைச் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. யதார்த்தவாதிதான், கதர்ச் சட்டை போட்டவர்.

ஆனால் தமிழர்களுக்கு இந்தப் பாடத்தில் மறக்க முடியாத பக்கம் 1987. ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியப் படை அமைதி காக்கப் போனது. அக்டோபரில் அது விடுதலைப் புலிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. 1990 மார்ச்சில் திரும்பி வந்தபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே தமிழர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். ஏன் போனோம் என்பதற்கு ஒவ்வொரு பள்ளியும் ஒரு பதில் வைத்திருக்கிறது. தன் கொல்லைப்புறத்தில் அந்நிய வல்லரசு கால் வைக்கக் கூடாது என்ற பயம் என்பார் யதார்த்தவாதி. ஒப்பந்தம், அதிகாரப் பகிர்வு, அமைதி என்பார் தாராளவாதி. தமிழகத்தின் உறவு உணர்ச்சி இல்லாவிட்டால் டெல்லி அசைந்திருக்குமா என்பார் கன்ஸ்ட்ரக்டிவிசக்காரர். மூன்றும் உண்மை. மூன்று நோக்கத்தையும் ஒரே படையின் தோளில் ஏற்றியதுதான் தவறு என்று நான் நினைக்கிறேன். யாரைக் காப்பாற்றப் போனோம், யாரை அடக்கப் போனோம் என்பது அங்கே போன சிப்பாய்க்கே தெளிவாக இருந்திருக்காது.

இங்கே படைபலம் என்ன வேலைக்கு ஆகும் என்ற கேள்வி வருகிறது. தாமஸ் ஷெல்லிங் என்பவர் அதை இரண்டாகப் பிரித்தார். எதிரியை வரவிடாமல் செய்வது ஒன்று, அதாவது அச்சுறுத்தித் தடுத்தல். வந்தவனைப் போகவைப்பதும் செய்துகொண்டிருப்பதை விடவைப்பதும் இன்னொன்று, அதாவது வற்புறுத்தல். தடாகம், மேட்டுப்பாளையம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சோலார் வேலியும் அகழியும் யானை வருவதற்கு முன்பு. அது வாழைக்குள் இறங்கிவிட்டால் பட்டாசும் டார்ச்சும் கும்கியும் வேண்டும், அப்போதும் நிச்சயமில்லை. 2019 ஜனவரியில் தடாகத்தில் பிடித்து ஆனைமலைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்ட சின்னத்தம்பி யானை, நடந்தே உடுமலைப் பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு வந்து நின்றது ஊருக்கெல்லாம் தெரியும். பிப்ரவரியில் மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. தடுப்பது மலிவு, வற்புறுத்துவது செலவு. தடுக்கும்போது எதிரி சும்மா இருந்தால் போதும், அவனுக்கு மானப் பிரச்சினை இல்லை. வற்புறுத்தும்போது அவன் எல்லோரும் பார்க்கப் பின்வாங்க வேண்டியிருக்கிறது.

2025 மே மாதத்தை இந்தக் கண்ணால் பார்க்கலாம். ஏப்ரல் 22 அன்று பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே 7 அன்று இந்தியா ஆபரேஷன் சிந்தூர் என்று பாகிஸ்தானில் தாக்கியது. மே 10 அன்று சண்டை நின்றது. அந்த நான்கு நாள் எங்கள் ஊர் பேக்கரியில் டீ ஆறிப்போகிற அளவுக்கு வாதம் நடந்தது. இன்னும் அடித்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். அணுகுண்டு இருக்கிறதுங்க என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசவில்லை. முதலாமவர் வற்புறுத்தலைப் பேசுகிறார், இரண்டாமவர் தடுத்தலைப் பேசுகிறார். இரண்டு பக்கமும் அணு ஆயுதம் இருப்பதால் பெரிய போர் தடுக்கப்படுகிறது. அதே காரணத்தால் சின்னச் சின்னத் தாக்குதலை நிறுத்தவைப்பது கடினமாகிறது. இது இரண்டும் சேர்ந்தே வரும் என்று 1960களிலேயே எழுதியிருக்கிறார்கள்.

"நீங்க எந்தப் பக்கமுங்க மாமா?" என்றான் மருமகன், கிளம்பும்போது. அவன் பேருந்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. சீனாவை வைத்துச் சொன்னேன். 2020 ஜூனில் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் சீனாவோடு வியாபாரம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. வியாபாரம் சண்டையைத் தடுக்கும் என்ற தாராளவாதிக்கு இது அடி. சண்டை வந்தால் வியாபாரம் நிற்கும் என்று நினைக்கும் யதார்த்தவாதிக்கும் இது அடி. நான் யதார்த்தவாதியின் கேள்வியில் தொடங்குவேன், எதிராளி எதற்குப் பயப்படுகிறான் என்று. அவன் பதிலை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் கம்பெனியில் பாதித் தையல் மெஷின் சீனாவில் செய்தது. கல்வான் நடந்த வருடத்திலும் அதற்கு ஸ்பேர் பார்ட் அங்கிருந்துதான் வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.